தட்டில் ஐந்து ஒடுக்கு

கீழ்வீட்டுப் பூட்டுக்காரரின் தாடையை டீச்சர் உடைத்துவிட்டாள் என்ற செய்தி தெருவில் பரவியபோது முதலில் யாரும் நம்பவில்லை. அவர்தான் அவளை அடித்திருப்பார், சொல்கிறவர்கள் மாற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்தார்கள். டீச்சர் அப்படிப்பட்டவள். பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்பாள்.

பள்ளிக்கூடத்தை விட்டு ஆறு வருடமாகியும் அந்தக் கட்டடத்தில் அவளுக்கு டீச்சர் என்ற பெயர்தான். ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். ஓவிய வகுப்பு இனி வேண்டாம் என்று பள்ளிக்கூடம் முடிவெடுத்த அன்று, ஒரு அட்டைப்பெட்டி நிறைய தூரிகைகளோடு வீட்டுக்கு வந்தாள். ஒரு வருடம் சும்மா இருந்தாள். பிறகு ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஜப்பான்காரப் பெண் ஒருத்தி தன் வீட்டுச் சமையலறையில் நின்று, மேலே படம் போட்ட ரோல் கேக் செய்துகொண்டிருந்தாள். அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட டீச்சருக்குப் புரியவில்லை. அவள் கைகள் செய்தது எல்லாம் புரிந்தது.

முட்டை வெள்ளை, சர்க்கரை, வெண்ணெய், மாவு நான்கையும் குழைத்து வண்ணம் சேர்த்து, காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் விரித்த பட்டர் பேப்பரின்மேல் படம் வரைய வேண்டும். அதை ஓவனில் இரண்டு நிமிடம் காட்டி இறுக்கிக்கொண்டு, அதன்மேலேயே கேக் மாவை ஊற்றி மறுபடியும் பன்னிரண்டு நிமிடம். வெந்ததைக் கவிழ்த்துப் பேப்பரை உரித்தால் கேக்கின் தோலிலேயே ஒட்டகச்சிவிங்கி நிற்கும், குடை நிற்கும், மீன் நீந்தும். சூடு முழுதும் ஆறுவதற்குள் கிரீம் தடவிச் சுருட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் விரிந்து பிளந்துவிடும். பிறந்தநாள் குழந்தையின் பெயரை எழுத வேண்டுமென்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுத வேண்டும். முதல் பத்து கேக்குகளை அவளும் அவள் கணவருமே தின்று தீர்த்தார்கள். பதினோராவதை மாடிக்காரப் பெண் கேட்டு வாங்கிப் போனாள். அதன்பின் வாரத்துக்கு ஏழெட்டு கேக்குக்குக் குறைவில்லை.

கணவர் டிங்கர். மோதி நசுங்கி வரும் வண்டிகளின் தகட்டை உள்ளிருந்து தட்டித் தட்டி ஒடுக்கெடுப்பது அவர் வேலை. நாள் முழுவதும் சுத்தியல் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் குரலை உயர்த்தியே பேசமாட்டார். எந்தச் சண்டைக்கும் அவரிடம் இருந்த மருந்து ஒன்றுதான். விட்டுடு என்பார்.

கேக்குக்கு உயிர் முட்டை வெள்ளையின் நுரை. கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்க வேண்டும். அதற்குக் கையில் பிடிக்கும் மின்சார பீட்டரை எட்டு நிமிடம் ஓட்டியாக வேண்டும். மூன்று கேக் என்றால் இருபத்துநாலு நிமிடம், கிரீமுக்கு இன்னும் கொஞ்சம். கேக்கை வாங்கிப்போக மதியம் ஆள் வந்துவிடும் என்பதால் காலை எட்டு மணிக்கே அந்தச் சத்தம் தொடங்கும்.

கீழ்வீட்டில் பூட்டுக்காரர் படுக்கும் அறை அவள் சமையலறைக்கு நேர் கீழே இருந்தது. அவர் தொழில் இரவில்தான். சாவியைத் தொலைத்தவர்கள், கதவு தானாகச் சாத்திக்கொண்டு வெளியே நின்றவர்கள் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். விடியும் நேரத்தில் வந்து படுப்பார். ஆள் ஆறடிக்குக் குறையாது. கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவாள். கோடையிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள்.

முதல் தடவை பூட்டுக்காரர் மரியாதையாகத்தான் வந்தார். பனியனோடு, சிவந்த கண்ணோடு வாசலில் நின்று, தான் தூங்கும் நேரத்தைச் சொன்னார். டீச்சர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். மேஜைக் கால்களுக்குக் கீழே போர்வையை நாலாக மடித்து வைத்தாள். கிண்ணத்தை மடியில் இடுக்கிக்கொண்டு அடித்துப் பார்த்தாள். நேரத்தை ஒன்பதுக்குத் தள்ளினாள். அதற்குமேல் தள்ளினால் கேக் ஆறாது, சுருட்டியது இறுகாது, ஆர்டர் போகாது.

சத்தம் நிற்கவில்லை. கீழேயிருந்து இரும்புக் குழாயால் கூரையை இடிக்க ஆரம்பித்தார். அவள் காலுக்கு அடியில் தரை அதிரும். அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசும். அவள் பீட்டரை நிறுத்தினால் இடி நிற்கும், ஓட்டினால் தொடங்கும். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. பிறகு படியில் பார்க்கும்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசினார். ஒருநாள் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக்கொண்டு இறங்கிய ஒருவருக்கு வழிவிடாமல் நின்று, முழங்கையை நீட்டினார். பெட்டி பத்துப் படி உருண்டு கீழே போய் விழுந்தது. கை தவறிடுச்சு என்றார். அந்த மனிதர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். டீச்சர் படிகளில் ஒட்டியிருந்த கிரீமை முட்டிபோட்டுத் துடைத்தாள். பூட்டுக்காரர் தன் வாசலில் நின்று, அவள் துடைத்து முடிக்கும்வரை பார்த்தார்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் விட்டுடு என்றார்.

அடுத்த வாரம், ஓவனில் கேக் நாலாவது நிமிடத்தில் இருந்தபோது மின்சாரம் போயிற்று. அவள் வீட்டில் மட்டும்தான். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். உப்பி வந்த கேக் நடுவில் குழிந்து, ஓரம் சுருங்கி, தட்டோடு அமுங்கியது. மீட்டர் பெட்டி கீழ்த்தளத்தில், அவர் வாசலுக்குப் பக்கத்தில். இறங்கிப் போனாள். பூட்டுக்காரர் ஃபியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

“அத குடுங்க” என்றாள்.

“நான் எந்திரிச்சப்புறம் தரேன்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அவள் கதவு சாத்தாமல் இருக்க நிலையில் கை வைத்தாள். அவருடையது இரும்புக் கதவு. அவர் அதை முழு பலத்தோடு அறைந்து சாத்தினார்.

வலது ஆள்காட்டி விரல் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மாட்டியது. எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் கத்தவில்லை. மூச்சு வரவில்லை. கதவு திறந்தது. அவர் அந்த விரலைப் பார்த்தார். நகம் பெயர்ந்து தோலில் தொங்கியது, ரத்தம் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தன் விரல்நுனியால் கதவிலிருந்து தள்ளிவிட்டு, மறுபடியும் சாத்தினார். இந்தத் தடவை மெதுவாக, தாழ் விழும் சத்தம் கேட்கும்படி.

அவளால் பின்னாளிலும் மறக்கமுடியாதது அந்த இரண்டாவது சாத்தல்தான்.

ஆஸ்பத்திரியில் விரலுக்குள் கம்பி வைத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்தார், இரண்டு வீட்டிலும் கேட்டார், எழுதிக்கொண்டார். அவள் கை வைத்தது தனக்குத் தெரியாது என்று பூட்டுக்காரர் சொன்னார். ஒரே கட்டடத்தில் இருக்கிறவர்கள் அனுசரித்துப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் போய்விட்டார்.

கணவர் ஒருமுறை கீழே பேசப் போனார். திரும்பி வந்தவர் முகத்தில் ரத்தம் சுண்டியிருந்தது. என்ன சொன்னார் என்று மூன்று தடவை கேட்டபிறகுதான் வாயைத் திறந்தார். உங்க வீட்டுப் பூட்டைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது ரெண்டு நிமிஷ வேலை என்றாராம். மறுநாள் கணவர் பட்டறையிலிருந்து தடிமனான இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றைச் செய்து கொண்டுவந்து, கதவின் உள்பக்கம் பொருத்தினார். தனியாக இருக்கும்போது அதைப் போட்டுக்கொள் என்றார். அவள் தாழ்ப்பாளைப் பார்த்தாள். பூட்டுக்காரருக்கு அடிவிழவேண்டும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். தன் கணவர் செய்துகொண்டு வந்தது ஒரு தாழ்ப்பாள்.

அந்த ஆறு வாரமும் அவள் இடது கையால் வரையக் கற்றுக்கொண்டாள். முதல் யானைகள் எல்லாம் பன்றிகளாக வந்தன. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூம்பை அழுத்தும்போதெல்லாம் வேறொன்றை அழுத்துவதாக நினைத்துக்கொண்டாள். பூட்டுக்காரரின் அந்தத் தடித்த கழுத்தை. படியில் அவர் ஏறிவரும்போது தள்ளிவிட்டால் தலை எந்தப் படியில் இடிக்கும் என்று கணக்குப் போட்டாள். இப்படியெல்லாம் தனக்கு நினைக்கத் தெரியும் என்பது அவளுக்கே புதிது. அது அவளைப் பயமுறுத்தவில்லை. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம்போல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரரும் மனைவியும் வெளியே போயிருந்தார்கள். டீச்சர் கீழே இறங்கி, அவர் கதவின் சாவித்துவாரத்தில் ஒரு டியூப் பசையை முழுதாகப் பிழிந்தாள்.

சாயங்காலம் கட்டடமே வேடிக்கை பார்த்தது. ஊர் முழுக்கக் கதவு திறக்கிறவர் தன் வீட்டுக்கு வெளியே நின்று, தன் பூட்டைத் தானே டிரில் போட்டுக் குடைந்துகொண்டிருந்தார். மாடிக்காரப் பெண்ணின் கணவர் எட்டிப் பார்த்து, நல்ல பூட்டுக்காரர் ஒருத்தர் நம்பர் என்கிட்ட இருக்கு, தரட்டுமா என்று கேட்டார். சிரிப்பு மூன்று மாடிக்கும் போயிற்று. பூட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. குடைந்து முடித்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே எதுவோ விழுந்தது, பிறகு இன்னொன்று விழுந்தது. இரண்டாவதாக விழுந்தது பொருள் அல்ல என்று மேலே நின்ற டீச்சருக்குத் தெரிந்தது. தெரிந்தும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை இரண்டு கேக்குக்கு ஆர்டர் இருந்தது. இரட்டைக் குழந்தைகள், ஒருத்திக்கு யானை, ஒருத்திக்குக் குடை. வாங்க வருகிறவர் பத்து மணிக்கே வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்ததால் தாழ்ப்பாளைப் போடாமல் விட்டிருந்தாள். பூட்டு மட்டும் பூட்டியிருந்தது. குடைக் கேக் வெந்து, கவிழ்த்து, பேப்பர் உரித்து, கிரீமும் தடவியாயிற்று. யானைக் கேக் ஓவனில். இடது கையில் தடித்த கையுறை மாட்டி, இன்னும் ஒரு நிமிடம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அறையின் வெளிச்சம் மாறியது. திரும்பினாள். பூட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்றார்.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. அவர் கையில் மெல்லிய கம்பி இரண்டு இருந்தன. அவற்றைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பீட்டரின் வயரைப் பிடித்து இழுத்து, சுவிட்சிலிருந்து பிடுங்கி, மேஜை விளிம்பில் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் அது இரண்டாகப் பிளந்து, உள்ளிருந்த செம்புக்கம்பிகள் பிதுங்கின. கிரீம் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தார். குடைக் கேக்கை இரண்டு கையாலும் அள்ளித் தரையில் போட்டு, செருப்புக் காலால் அரைத்தார். அவள் அவரைத் தாண்டி ஓடப் பார்த்தாள். பின்னங்கழுத்தைப் பிடித்தார். அந்தக் கை அவள் கழுத்தை முழுதாகச் சுற்றியது. முகத்தை மேஜையில் வைத்து அழுத்தினார். மாவு மூக்குக்குள் போயிற்று. கன்னத்துக்குக் கீழே முட்டை ஓடு ஒன்று நொறுங்கிக் குத்தியது.

“சத்தம் வருதா இப்போ?” என்றார் அவள் காதுக்குப் பக்கத்தில். “எங்க, சத்தம் போடு பாக்கலாம்.”

கட்டுப் போட்ட விரலைத் தேடிப் பிடித்து, கம்பி வைத்திருந்த இடத்திலேயே மடக்கினார். அவள் கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. காலால் பின்பக்கம் உதைத்தாள். குதிகால் அவர் முழங்காலில் இறங்கியது. பிடி கொஞ்சம் தளர்ந்தது. அது போதுமாக இருந்தது. குனிந்து ஓவனின் கதவைத் திறந்து, கையுறை போட்ட இடது கையால் தட்டை உருவி, திரும்பிய வேகத்தில் அவர் முகத்தின்மேல் கவிழ்த்தாள்.

வெந்த கேக் அப்படியே போய்க் கன்னத்திலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டது. தட்டின் இரும்பு தோலைத் தொட்ட இடத்தில் புஸ்ஸென்று கேட்டது. அவர் அலறிக்கொண்டு கேக்கைப் பிய்த்து எடுக்கப் பார்த்தார். தோலும் சேர்ந்து வந்தது. அவள் தட்டை ஓங்கி, விளிம்பால் தாடையில் அடித்தாள். உலர்ந்த குச்சி முறிவதுபோல் ஒரு சத்தம். அவர் முட்டிபோட்டு விழுந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். கிரீமில் வழுக்கியபடி, ஒரு கையால் தரையைத் துழாவினார். எழுந்திருக்கும் நிலையில் அவர் இல்லை. வாயிலிருந்து ரத்தமும் பல்லும் வந்தன.

அவள் மறுபடியும் அடித்தாள். தோளில். மறுபடியும், முதுகில். கையுறை நழுவி விழுந்தது, தட்டு இன்னும் சுட்டது, விடவில்லை. நிமிர்ந்தபோது வாசலில் பூட்டுக்காரரின் மனைவி நிற்பதைப் பார்த்தாள்.

அந்த அக்காவுக்கு அன்று விடுப்பு. அலறல் கேட்டு வந்திருக்க வேண்டும். நிலையைப் பிடித்துக்கொண்டு, ஓடிவந்தவளுக்கு வரும் மூச்சிரைப்புகூட இல்லாமல் நின்றாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நிறுத்து என்று அவள் சொல்லவில்லை. வாயும் அசையவில்லை, கையும் அசையவில்லை. டீச்சர் அவளைப் பார்த்துக்கொண்டே தட்டை இன்னொரு தடவை ஓங்கி, அவர் தலையைக் காத்துக்கொண்டிருந்த கையின்மேல் இறக்கினாள். அப்புறம்தான் அந்த அக்கா உள்ளே வந்து, தட்டைப் பிடித்து, மெதுவாக வாங்கித் தொட்டியில் வைத்தாள். குழாயைத் திறந்தாள். டீச்சரின் வெந்துபோன உள்ளங்கையைத் தண்ணீரில் பிடித்தாள். தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

பூட்டுக்காரருக்குத் தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கம்பி போட்டுக் கட்டினார்கள். கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வைத்துத் தைத்தார்கள். கையில் மூன்று எலும்பு. டீச்சரை இரண்டு நாள் போலீஸ் நிலையத்தில் வைத்திருந்துவிட்டு ஜாமீனில் விட்டார்கள். கணவர் வந்து கூட்டிக்கொண்டு போனார். மேஜைமேல் உறையில் போட்டு வைத்திருந்த தட்டைப் போலீஸ்காரர் காட்டி, இது உங்க வீட்டுதுதானா என்று அவரிடம் கேட்டார். கணவர் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எங்களுதுதான் என்று கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார், “அஞ்சு ஒடுக்கு. ஒண்ணு மேலேர்ந்து கீழ விழுந்தது. படுத்திருக்கிற ஆள்மேல விழுந்தாத்தான் அப்படி வளையும்.”

வீட்டுக்கு வந்து அவர்தான் சமையலறையைக் கழுவினார். சுவரிலிருந்து கிரீமைச் சுரண்டினார். தரையின் இடுக்குகளில் உறைந்திருந்ததைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். அவளை உள்ளே வரவிடவில்லை.

வழக்கு ஏழு மாதம் நடந்தது. பூட்டுக்காரர் எழுந்திருக்க முடியாதபடி விழுந்தபிறகும் அவள் அடித்தாளா, அதோடு நிறுத்திவிட்டாளா என்பதுதான் கேள்வி. அதோடு என்றால் தற்காப்பு. பிறகும் என்றால் ஜெயில். டீச்சர் தனக்கு ஒன்றும் நினைவில்லை என்றாள். வக்கீல் அப்படிச் சொல்லத்தான் சொல்லியிருந்தார். பூட்டுக்காரர், இன்னும் குழறும் வாயால், தான் விழுந்தபிறகும் அடி விழுந்தது என்றார். மூன்றோ நாலோ. பார்த்த சாட்சி அவர் மனைவி ஒருத்திதான்.

அந்த அக்கா முழுக்கைச் சட்டையோடு கூண்டில் ஏறினாள். தான் மேலே போனபோது எல்லாம் முடிந்திருந்தது என்றாள். டீச்சர் தட்டைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் நடுங்கிக்கொண்டு நின்றாள் என்றாள். பூட்டுக்காரர் தன் இருக்கையிலிருந்து எழுந்து ஏதோ கத்தினார். வார்த்தை வரவில்லை, எச்சில்தான் தெறித்தது. காவலர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கைவிரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு புகுந்து தாக்கியதற்காகப் பூட்டுக்காரருக்கு எட்டு மாதச் சிறை, தொழில் உரிமமும் போயிற்று. டீச்சர் நன்னடத்தைப் பத்திரம் எழுதிக்கொடுத்தால் போதும் என்றார் நீதிபதி.

தீர்ப்பு வந்து நாலைந்து நாள் கழித்து, மதிய நேரம், டீச்சர் கீழே இறங்கி அந்த இரும்புக் கதவைத் தட்டினாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஏற்கெனவே பாதிச் சாமான் பெட்டியில் ஏறியிருந்தது. தங்கை ஊருக்குப் போகிறேன், அவர் வெளியே வரும்போது இங்கே இருக்கமாட்டேன் என்றாள்.

டீச்சர் உட்காரவில்லை. “எப்போலேர்ந்து நின்னீங்கக்கா?” என்று கேட்டாள்.

அக்கா மடித்த துணியை மறுபடி பிரித்தாள். “அவர் உங்க வீட்டுக் கதவைத் தொறந்தப்போவே தெரியும். படியில நின்னேன். உங்கள அடிக்கற சத்தம் கேட்டுச்சு. அப்போ நான் உள்ள வரல டீச்சர்.” பிரித்த துணியை மறுபடி மடித்தாள். “அவர் கத்தினதுக்கப்புறம்தான் வந்தேன். பாக்கணும்னு வந்தேன்.”

டீச்சருக்கு அவளைத் திட்டத் தோன்றியது. கட்டிக்கொள்ளவும் தோன்றியது. பூட்டைக் குடைந்த ஞாயிற்றுக்கிழமை மாலை கேட்ட அந்த இரண்டாவது சத்தம் நினைவுக்கு வந்தது. இரண்டும் செய்யாமல் மேலே வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. அக்கா போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு கீழ்வீடு காலியாகவே இருந்தது. டீச்சர் புதிய பீட்டர் வாங்கவில்லை. கம்பி வைத்த விரல் நேராக வரவில்லை. கேக் கேட்டு வந்தவர்களிடம் கை சரியில்லை என்றாள். அது பொய்யில்லை. தெருவில் நடந்தால் ஆட்கள் சிரித்துப் பேசினார்கள், ஆனால் ஒரு எட்டுத் தள்ளி நின்று பேசினார்கள். கடைப் பையன்கள் அவளுக்குப் பின்னால் தட்டு டீச்சர் என்று சொல்லிச் சிரிப்பதை ஒருநாள் கேட்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வராதது நிம்மதியாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய கண்ணாடிக் கிண்ணம் அவர் சோப்புக் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து சிதறியது. அடுத்த அறையிலிருந்த டீச்சர் வேகமாக உள்ளே வந்தாள். அவருக்குக் காலில் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று பார்க்கத்தான் வந்தாள்.

கணவர் சுவரோடு ஒடுங்கி, முழங்கையை மடக்கி முகத்துக்குக் குறுக்கே தூக்கினார்.

ஒரு கணம்தான். உடனே கையைக் கீழே போட்டார். வெட்கத்தில் காது சிவந்துபோயிற்று. குனிந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். இருபத்தோரு வருடத்தில் இருவருக்குள் ஒரு தட்டல்கூட இருந்ததில்லை. அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

“நீ அடிக்க வரலேன்னு தெரியும்” என்றார் அவர், தலை நிமிராமல். “என்னமோ கை மேல போயிடுச்சு.”

அவள் கொஞ்ச நேரம் அவருடைய விரல்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், “அவர் ரெண்டாவதுலயே விழுந்துட்டாருங்க. அப்புறம் மூணு அடிச்சேன். எல்லாம் ஞாபகம் இருக்கு. நல்லா இருந்துச்சு, அதனாலதான் அடிச்சேன்.”

கணவர் பொறுக்குவதை நிறுத்தினார். விட்டுடு என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. வெளியே போய்த் துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்து வந்தார். அவள் காலைச் சுற்றி நாலாபக்கமும் கண்ணாடி மின்னிக்கொண்டிருந்தது.

“அசையாத” என்றார். “நான் கூட்டற வரைக்கும் அப்படியே உக்காந்திரு.”

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளுடைய பாதத்துக்கு அருகிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.